எறும்பு ஏறாத கூண்டு

நாச்சம்மையின் கூண்டில் முதன்முதலாகக் குஞ்சு பொரித்தது ஓர் ஐப்பசி மாதத்தில். பொரித்த மறுநாள் காலையில் கூட்டுப் பானையை இறக்கிப் பார்த்தவள், அதைத் திரும்ப மாட்ட மறந்து கையில் வைத்துக்கொண்டே நின்றாள். நான்கு குஞ்சுகளும் உள்ளேதான் இருந்தன. ஆனால் தோல் தெரியவில்லை. செவ்வெறும்பு மொய்த்து, நான்கு சிவந்த உருண்டைகளாக அசைந்துகொண்டிருந்தன. அசைவது எறும்பா குஞ்சா என்று புரியாமல் அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றின் அலகு மட்டும் மெல்லத் திறந்து மூடியது. தாய்க்குருவி கம்பிவலையின் மூலையில் ஒட்டிக்கொண்டு கத்தியது. நாச்சம்மை பானையோடு வாளித் தண்ணீரில் அமுக்கினாள். அசைவு நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

அவளுக்கு அந்தக் குருவிகள் வந்த கதை ஊருக்கே தெரியும். திருமயத்துக்குப் பக்கத்து ஊர் அது. அவள் கணவன் கண்ணப்பன் மலாயாவில், ஈப்போவில் கடை வைத்திருந்தார். கடைசியாக வந்தபோது கப்பலில் ஆறு ஜாவாக் குருவிகளைக் கொண்டுவந்தார். சாம்பல் உடம்பு, வெள்ளைக் கன்னம், சிவந்த தடித்த அலகு. வீட்டின் இரண்டாங்கட்டு முற்றத்தில் ஆசாரியை வைத்து ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு கூண்டு கட்டினார். நான்கு மரக்கால்களின் மேல் நிற்கிற கம்பிவலைக் கூண்டு. ‘ஒனக்குப் பொழுது போகும்’ என்றார். அவர் சீக்கிரத்தில் திரும்பி வரப்போவதில்லை என்று நாச்சம்மைக்கு அப்போதே தெரிந்துபோயிற்று. அவளுக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு அங்கே ஒரு குடும்பம் இருப்பதாகப் பினாங்கிலிருந்து வந்தவர்கள் அரசல்புரசலாகப் பேசினார்கள். அவள் யாரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை.

அதே வீட்டின் எதிர்ப்பக்கத்தில் கண்ணப்பனின் தம்பி தேனப்பன் தனி அடுப்பு வைத்திருந்தான். அவனுக்குப் புதுக்கோட்டையில் இரும்புக்கடை. காலை பஸ்ஸில் போய்ப் பொழுது சாய வருவான். நாச்சம்மையை ஆச்சி என்று கூப்பிடுகிற அவன் மனைவி சாலாவுக்கு ஏற்கெனவே இரண்டு ஆண்பிள்ளைகள். மூன்றாவது வயிற்றில் இருந்தது. முற்றம் இரண்டு குடும்பத்துக்கும் பொது. வீட்டு வேலைக்கு முனியாயி என்று ஒருத்தி இரண்டு பக்கத்துக்கும் வந்து போனாள்.

குஞ்சுகள் போன அன்று மாலை தேனப்பன் கடையிலிருந்து ஒரு பொட்டலம் கமாக்ஸின் பூச்சிமருந்துப் பவுடர் கொண்டுவந்தான். கூண்டைச் சுற்றிக் கொட்டிவிட்டால் ஓர் எறும்பு தங்காது என்றான். நாச்சம்மை ஒப்பவில்லை. அந்தக் கோடையில்தான் மலேரியா ஆபீஸ்காரர்கள் வீடு வீடாக மருந்தடித்துவிட்டுப் போயிருந்தார்கள். விழுந்த கரப்பானைக் கொத்தின அடுத்த வீட்டுக் கோழிகள் கழுத்து திருகிச் செத்ததை அவள் பார்த்திருந்தாள். கோழிக்கே அந்தக் கதியென்றால், உள்ளங்கைக்குள் அடங்குகிற குருவி எந்த மூலைக்கு. பொட்டலத்தை அவன் தன் பக்கத்து மாடத்தில் வைத்துக்கொண்டான்.

பிறகு அவளே யோசித்தாள். பலகார அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைப்பது போல, கூண்டின் நான்கு கால்களையும் தண்ணீர் நிறைந்த கல்கிண்ணங்களில் நிறுத்தினாள். ஒருநாள் விட்டுவிட்டால் தண்ணீர் மேல் தூசி படிந்து ஆடை கட்டிவிடும். எறும்பு அதன் மேலேயே நடந்து போகும். ஒரு வேப்பிலை விழுந்தால் அதுவே பாலம். அதனால் தினமும் தண்ணீரை மாற்றினாள். பானை தொங்குகிற கம்பிகளில், குருவி அலகு படாத உயரத்தில், விளக்கெண்ணெய் தடவினாள். கூண்டின் மேல் சாய்ந்திருந்த வேப்பங்கிளையை வெட்டச் சொன்னாள். குஞ்சுக்காக வைக்கிற அவித்த முட்டைப் பொடியும் ஊறவைத்த தினையும் சிந்தினால் அப்போதைக்கப்போது கூட்டினாள். எறும்புப் புற்று முற்றத்துக் கல்லுக்கு அடியில் கண்காணாத இடத்தில் இருந்தது. கொதிநீர் ஊற்றிப் பார்த்தாள். ஒரு வாரம் அடங்கி, வேறு இடுக்கு வழியாகக் கிளம்பின.

கடைசியில் அவளுக்கு ஒரு வழி பிடிபட்டது. கொட்டாங்கச்சியில் வெல்லப்பாகைத் தடவி, எறும்புச் சாரிக்குப் பக்கத்தில் வைத்தாள். சாரி அதற்குத் திரும்பியது. மறுநாள் அதைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். எறும்புகள் பின்னாலேயே வந்தன. இப்படியே நகர்த்தி நகர்த்தி, கூண்டின் பக்கமே வராமல் சாரியை முற்றத்துச் சாக்கடை வாய்க்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டாள். எறும்பைக் கொல்ல வேண்டியதில்லை, இழுத்துக்கொண்டு போனால் போதும் என்பது அவளுக்குப் பெரிய திருப்தியாக இருந்தது. மாசி மாதம் பொரித்த ஐந்து குஞ்சும் இறகு முளைத்து வெளியே வந்தன. முனியாயியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அன்று அவள் சிரித்ததை முனியாயி சாலாவிடம் போய்ச் சொன்னாள்.

சாலாவுக்கு அதே மாதம் மூன்றாவதும் ஆண் பிறந்தது. குழந்தைக்கு ஆத்மநாதன் என்று பேர் வைத்து விருந்து போட்டார்கள். பங்காளி வீட்டுப் பெண்கள் வீட்டு வளவு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். நாச்சம்மைதான் பாயசம் பரிமாறினாள். யாரோ ஒரு பெரியம்மா, மூத்தவள் பக்கம் ஒன்றும் விசேஷம் இல்லையா என்று தெரிந்துகொண்டே கேட்டாள். சாலா இலையிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்:

“ஏன் இல்லை. எங்க ஆச்சி பக்கமும் வருஷத்துக்கு மூணு தடவை பொரிக்கத்தான் செய்யுது.”

பந்தி முழுக்கச் சிரித்தது. கேட்ட பெரியம்மா புரையேறித் தண்ணீர் குடித்தாள். நாச்சம்மை அகப்பையை நிறுத்தவில்லை. அடுத்த இலைக்கு ஊற்றினாள், அதற்கடுத்ததற்கும் ஊற்றினாள். சாலாவின் இலைக்கு வந்தபோது இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டாள். சாலா போதும் ஆச்சி என்று கையை மறித்தாள். அதற்குள் சொன்னதை அவள் மறந்தே போயிருந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு மறந்துபோகிற சுபாவம் அவளுக்கு. நாச்சம்மைக்கு அந்தச் சுபாவம் கிடையாது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கூண்டைக் கழுவும்போது அந்தச் சிரிப்பு அவள் காதில் விழுந்தது. குருவிகள் அவள் கையில் வந்து உட்கார்ந்தால் உதறினாள். பிறகு தானே வருந்தித் தினையை நீட்டினாள். எதிர்ப்பக்க அறையில் பிள்ளை அழும், சாலா பாடுவாள், தொட்டிலை ஆட்டுகிற கயிறு கிறீச்சிடும். கயிற்றின் ஒரு முனை தொட்டிலில் கட்டியிருந்தது. மறுமுனை, அடுப்பங்கரையிலிருந்தே இழுத்து ஆட்டுவதற்கு வசதியாக, வாசல் நிலையின் அடியில் ஓர் ஆணியில் கட்டிக் கிடந்தது. பிள்ளையின் வாயில் எப்போதும் பாலோ சீனித்தண்ணீரோ ஒட்டியிருக்கும். இதையெல்லாம் நாச்சம்மை முற்றத்திலிருந்தே பார்த்தாள்.

கொட்டாங்கச்சி சாக்கடை வாயில் இருந்தது. அங்கிருந்து சாலாவின் நிலைப்படி ஐந்தாறு எட்டுத்தான். முதலில் ஒரு சாண் நகர்த்தினாள். சாக்கடை நாற்றம் அடிக்கிறது, அதனால்தான் நகர்த்துகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் இன்னொரு சாண். அதற்கு அவள் காரணம் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. எறும்புகள் சிவப்பு நூல் பிடித்த மாதிரி நேராகப் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை. தேனப்பன் கடைக்குப் போயிருந்தான். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சாலா தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு, சீயக்காய் தேய்த்துவிட முனியாயியையும் கூட்டிக்கொண்டு பின்கட்டுக் கிணற்றடிக்குக் கிளம்பினாள். போகும்போது முற்றத்தில் நின்று, பிள்ளை தூங்குறான், ஒரு காது இங்கிட்டு வச்சுக்கங்க ஆச்சி என்றாள். நாச்சம்மை சரி என்றாள். சாலா போனதும் கொட்டாங்கச்சியை எடுத்து, நிலையின் அடியில், ஆணிக்குக் கீழே சுவரோடு ஒட்டி வைத்தாள். விரலில் ஒட்டிய பாகைக் கயிற்றில் துடைத்தாள்.

பிறகு கூண்டுக்கு வந்து கிண்ணங்களில் தண்ணீர் மாற்றினாள். நான்காவது கிண்ணத்தை அவள் நிரப்பும்போது பிள்ளை சிணுங்கியது. தண்ணீர்ச் சட்டியைக் கழுவினாள். சிணுங்கல் அழுகையாயிற்று. தினையைப் புடைத்தாள். அழுகை வீறிடலாக மாறி, மூச்சுப் பிடித்து, நின்று, மறுபடி பீறிட்டது. குருவிகள் பயந்து கூண்டுக்குள் சிதறிப் பறந்தன. கிணற்றடியில் உருளை ஓயாமல் கிறீச்சிட்டதால் அங்கே எதுவும் கேட்கவில்லை. நாச்சம்மை முறத்தைக் கீழே வைத்து, உமியை ஊதி, தினையைச் சட்டியில் கொட்டினாள். அவளுக்குள் இருந்தது கோபம்கூட இல்லை. பசித்தவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பரிமாறுகிறவள் இலைக்கு முன்னால் காத்திருப்பது போல அவள் அந்தச் சத்தத்துக்கு முன்னால் காத்திருந்தாள்.

சத்தம் கம்மிப்போனபோதுதான் எழுந்தாள்.

தொட்டிலுக்குள் பார்த்ததும் அவளுக்கு அந்த ஐப்பசிக் காலை நினைவுக்கு வரவில்லை. எதுவுமே நினைவுக்கு வரவில்லை. பிள்ளையின் வாயோரமும் கழுத்து மடிப்பும் இடது கண்ணும் சிவப்பாக ஊர்ந்தன. அவள் அலறினாள். அந்த அலறல் நடிப்பில்லை. பிள்ளையை வாரியெடுத்து, முந்தானையால் வழித்து, விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து உடம்பெல்லாம் ஊற்றித் தேய்த்தாள். எறும்புகள் அவள் கையிலும் மார்பிலும் ஏறிக் கடித்தன. சாலா ஈரத்தலையோடு ஓடிவந்தபோது, நாச்சம்மை பிள்ளையின் கண்ணிமையைப் பிரித்து ஒவ்வோர் எறும்பாகக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தாள்.

புதுக்கோட்டைக்கு வாடகைக் கார் வைத்துக் கொண்டுபோனார்கள். டாக்டர் செய்ய முடிந்ததைச் செய்தார். பிள்ளை பிழைத்தது. இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. பிறகு மதுரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அந்தக் கண் அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்கள்.

ஊரில் நாச்சம்மையைப் பற்றி நல்லவிதமாகப் பேசினார்கள். அவள் மட்டும் வீட்டில் இல்லாதிருந்தால் பிள்ளையே மிஞ்சியிருக்காது என்றார்கள். சாலா எல்லோர் முன்னாலும் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். தேனப்பன் குருவித் தீனியால்தான் இந்த எறும்பே வந்தது என்று கத்தி, மாடத்திலிருந்த பவுடர் பொட்டலத்தைத் தேடி எடுத்தான். முற்றம் முழுக்கக் கொட்டப் போனவனைத் தடுத்தவள் சாலாதான். குருவிப் பக்கம் வேண்டாம், ஆச்சிக்கு அது ஒன்றுதானே இருக்கிறது என்றாள். அவன் தன் அறையைச் சுற்றி மட்டும் தூவினான். கொட்டாங்கச்சியை எடுத்து எறிய நாச்சம்மை போனபோது அது அங்கே இல்லை. முனியாயி கூட்டும்போது தள்ளியிருப்பாள் என்று நினைத்தாள்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்ததும் சாலா ஒரு பேச்சை எடுத்தாள். ஆத்மநாதனை ஆச்சிக்கே கொடுத்துவிடலாம், ஆச்சி காப்பாற்றிய உயிர், மச்சான் ஈப்போவிலிருந்து வந்ததும் முறைப்படி பிள்ளை கூட்டிச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளட்டும் என்றாள். தேனப்பனுக்கும் அது சரியாகப் பட்டது. அண்ணன் பங்கு வெளியே போகாது, கண் போன பிள்ளைக்கும் ஒரு வழி பிறக்கும். ஈப்போவிலிருந்து கண்ணப்பனும், வரும்போது பார்ப்போம், அதுவரை வளர்க்கட்டும் என்று சொல்லியனுப்பினார்.

ஒரு காலையில் சாலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவன் சட்டைகளை ஒரு மூட்டையாகக் கட்டி, முற்றத்தைக் கடந்து வந்தாள். நாச்சம்மை கையை நீட்டவில்லை. எனக்கு இந்தப் பாக்கியம் வேண்டாம் சாலா, நான் இதுக்கு லாயக்கில்லாதவ என்றாள். அதற்கு மேல் சொல்ல அவள் வாயெடுத்தபோது சாலா தடுத்தாள்.

“சொல்ல வேண்டாம். கொட்டாங்கச்சியை எடுத்து அடுப்புல போட்டது நான்தான்.”

நாச்சம்மை கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே குருவிகள் கீச்சுக்கீச்சென்று தினை பொறுக்கின.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. தேனப்பன் என்னைய வெட்டிப் போட்டிருப்பானே.”

“வெட்டுனா ஒரு நாளோட போயிருக்கும்” என்றாள் சாலா. குரலை உயர்த்தவேயில்லை. “ஊரு நாலு நாளு பேசும், அப்புறம் மறந்துரும். நீங்க தினமும் இவனுக்குச் சோறு ஊட்டணும். ஊட்டுறப்ப இந்தக் கண்ணைப் பாக்கணும். எனக்கு இன்னும் ரெண்டு இருக்கு. இவன் ஒங்களுக்குத்தான்.”

பிள்ளையை நாச்சம்மையின் கையில் திணித்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பிள்ளை ஆத்தா என்று அழுதது. சாலா தன் நிலைப்படியைத் தாண்டிக் கதவைச் சாத்தினாள். கதவுக்குப் பின்னால் அவள் அழுதாளா என்பது நாச்சம்மைக்குக் கேட்கவில்லை.

சாலா சொன்னபடியே நடந்தது. நடக்கத் தொடங்கியதும் பிள்ளை எதிர்ப்பக்கம் ஓடும். அங்கே அண்ணன்கள் முறுக்குத் தின்றுகொண்டிருப்பார்கள். சாலா அவன் தோளைப் பிடித்துத் திருப்பி, ஒங்க ஆத்தா அங்கிட்டு இருக்காக, போ என்பாள். அண்ணன்கள் ஒத்தக்கண்ணா என்று கூப்பிடுவார்கள். அவள் அதட்டமாட்டாள். நாச்சம்மை ஒருமுறை போய் நின்று, என்னை என்ன வேண்டுமானாலும் சொல், பிள்ளையை விரட்டாதே என்று கேட்டாள். சாலா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, யார் பிள்ளையை யார் விரட்டுவது என்றாள்.

நாச்சம்மை குருவிகளை விட்டுவிடவில்லை. காலையில் கிண்ணத் தண்ணீரை மாற்றி, கம்பிக்கு எண்ணெய் தடவி, சிந்தினதைக் கூட்டினாள். வெல்லத்தை மட்டும் அதன்பிறகு அவள் தொடவில்லை. அவள் கூண்டிலிருந்து ஒரு குஞ்சுகூட எறும்புக்குப் போகவில்லை. கீரனூரிலிருந்தும் திருவரங்குளத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஜோடி ஜோடியாகக் கேட்டு வாங்கிப் போனார்கள். எறும்பு வராமல் எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். பொறுமையாகச் சொல்லுவாள், பவுடர் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்பாள்.

ஆத்மநாதனுக்கு ஐந்து வயது நடக்கும்போது கண்ணப்பன் வந்தார். தலை நரைத்து, உடம்பு பெருத்திருந்தார். பிள்ளையைக் கூப்பிட்டு, மோவாயைப் பிடித்து முற்றத்து வெளிச்சத்துக்குத் திருப்பி, வெள்ளை விழுந்த கண்ணைப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார். பிறகு தம்பியிடம், பிள்ளை முன்னாலேயே சொன்னார்.

“நல்ல கண்ணோட ரெண்டு இருக்கையில இதை ஏண்டா என் தலையில கட்டுறே. நடுவுள்ளவனைக் குடு.”

தேனப்பன் தலையைச் சொறிந்துகொண்டு, அதுக்கென்னண்ணே என்றான். சாலாவின் முகம் வெளுத்தது. அவள் இதை எதிர்பார்க்கவில்லை. நடுவுள்ளவன் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் நாச்சம்மையைப் பார்த்தாள். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பார்வையில் ஒரு கெஞ்சல் இருந்தது. நாச்சம்மைக்கு அது ஒரு கணம் இனித்தது. அந்த இனிப்பு அவளுக்குப் பழக்கமானதுதான். இன்னும் கொஞ்சம் பேசாமல் நின்றால் போதும், சாலாவின் இன்னொரு பிள்ளையும் முற்றத்தைக் கடந்து வந்துவிடும்.

அவள் பேசாமல் நின்றாள். கண்ணப்பன் பங்காளிகளுக்குச் சொல்லிவிட ஆள் தேடினார். பிள்ளை கூட்டுவதென்றால் கணவனும் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மஞ்சள்நீர் குடித்தாக வேண்டும். சாலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்தாள். அப்போது ஆத்மநாதன் தன் சட்டையைச் சரிசெய்துகொண்டு, யாரும் சொல்லாமலே, ஓரமாகப் போய்ச் சுவரோடு ஒட்டி நின்றான். போகச் சொல்வதற்கு முன்னால் போய்விடுகிற பழக்கம் அவனுக்கு வந்திருந்தது.

“இவன் இல்லாட்டி நான் மஞ்சத்தண்ணி குடிக்க மாட்டேன்” என்றாள் நாச்சம்மை. “நீங்க வேற யாரையாச்சும் பக்கத்துல ஒக்கார வச்சுக் கூட்டிக்கங்க. ஈப்போவுலதான் ஆளு இருக்குங்கிறாகளே.”

கண்ணப்பன் கையை ஓங்கினார். ஓங்கிய கையைத் தம்பி பிடித்துக்கொண்டான். பங்காளிகள் முன்னால் அந்தப் பேச்சு வெளியே வந்துவிடக்கூடாது என்ற பயம் அவருக்கு. அடுத்த வாரம் கோயிலில் வைத்துப் பிள்ளை கூட்டினார்கள். அவர் மஞ்சள்நீரைக் குடித்தார். பிள்ளையைத் தொடவில்லை. விருந்து முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டார். கார் தெருமுனை திரும்புகிற வரைக்கும் ஆத்மநாதன் வாசலில் நின்று பார்த்தான்.

சாலா அதன்பிறகும் நாச்சம்மையோடு பேசவில்லை. நடுவுள்ளவன் கையில் மட்டும் ஒரு தட்டு அதிரசம் கொடுத்தனுப்பினாள். நாச்சம்மை அதைத் திருப்பியனுப்பினாள்.

மத்தியானம் சோற்றைப் பிசைந்து ஊட்டும்போது ஆத்மநாதன் தன் புதுத் தகப்பனைப் பற்றிக் கேட்டான்.

“அப்பச்சிக்கு ஏன் என்னையப் பிடிக்கலை?”

நாச்சம்மை அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். இரண்டு கண்ணையும் பார்த்தாள்.

“ஒன்னைய இல்லப்பா” என்றாள். “என்னையத்தான்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கவளத்துக்கு வாயைத் திறந்தான்.